தப்பின் ஓசை மட்டும் போதுமா?



நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்திற்கு றபான் அடித்துப் பாடியபடி தெருவில் வரும் பக்கீர் பாவாமாரை உங்களுக்கு நினைவிருக்கும். பல ஊர்களில் இன்று அந்த வேலையைக் கைபேசியின் அலாரம் பறித்துக்கொண்டது. மலையகத் தோட்டங்களில் தப்புக்கு நேர்ந்ததும் இதுதான். ஒரு காலத்தில் விடியுமுன் தப்படித்துத்தான் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தார்கள். இன்று கோயில் திருவிழா, மாசியில் காமன் கூத்து, சாவு வீடு ஆகிய இடங்களில்தான் அதைக் கேட்கிறோம்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களோடு வந்தது தப்பு. அம்மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). அவர் முயற்சியால் பாட்டின் சொற்கள் ஏட்டில் நிலைத்தன. ஆனால் தோலை இழுத்துக் கட்டும் கைப்பக்குவத்தை ஏட்டில் எழுதிவிட முடியுமா?

மழை ஓயாத கினிகத்தேனையை எண்ணிப் பாருங்கள். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், ஓசை மங்கிவிடும். அதனால் அடிக்குமுன் நெருப்பில் வாட்டுகிறார்கள். எவ்வளவு சூடு போதும் என்பது வாட்டுகிற கைக்குத்தான் தெரியும். அந்தக் கை ஓய்ந்தால் அறிவும் அதோடு போய்விடும். "சாவு மேளம்" என்ற இளக்காரமும், சாதியின் பெயரால் பட்ட அவமானமும் இளைஞர்களை இக்கலையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. இந்த இழிவு நீங்க வேண்டும். தமிழகத்தில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது நல்ல முன்மாதிரி அல்லவா?

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு மரபுரிமை உடன்படிக்கை, கைவினை அறிவையும் காக்க வேண்டிய செல்வமாகவே கருதுகிறது. இலங்கை 2008இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கைபேசி உள்ள வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறதே!

உங்கள் ஊரில் தப்பு செய்பவர் இருந்தால், முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். சட்டம் அமைப்பது, தோலைப் பதப்படுத்துவது, வாட்டுவது எல்லாவற்றையும் படமெடுங்கள். அடிக்கும்போது சில அடி தள்ளி நின்று பதியுங்கள். மிக அருகில் பிடித்தால் ஓசை சிதறும். ஒவ்வோர் அடிக்கும் என்ன பெயர், எதற்கு அடிப்பது என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். தோட்டத்து மூதாட்டிகளிடமும் கேளுங்கள். எந்தச் சடங்குக்கு எந்த அடி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பதிவில் கலைஞரின் பெயர் இருக்க வேண்டும். பிரதி ஒன்று அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் செலவிட்ட நேரத்துக்குக் கூலியும் சேர வேண்டும். முடிந்தால் அவரிடம் ஒரு தப்பை விலைக்கு வாங்கி ஊர்ப் பாடசாலைக்குக் கொடுங்கள். ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தவரை வெறுங்கையோடு விட்டால், அவருடைய பிள்ளை இந்தத் தொழிலைக் கற்க முன்வருமா?

பாவாமாரின் றபானையும் இவ்வாறே பதிந்து வையுங்கள். அயலாரின் தப்பையும் நம் வீட்டு றபானையும் நாளை நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா?