கத்தியின்றி வயிறு குறையுமா? அழகு நிலைய இயந்திரங்களின் வரவு செலவு



வருமான வரிப் படிவம் நிரப்புவது பற்றி வானொலியில் கதைத்துக்கொண்டிருந்தபோது வந்த ஓர் அழைப்பு, அன்றைய நிகழ்ச்சியை வேறு பக்கம் திருப்பிவிட்டது. "அண்ணை, வரியை விடுங்கோ. கத்தி வைக்காமல் வயித்தைக் குறைக்கலாம் எண்டு ஒரு ஸ்பாவிலை ஆறு தரத்துக்கு 2,400 டொலர் கேக்கினம். அம்மாவுக்குச் செய்விக்கலாமோ?" என்று ஒரு சகோதரி கேட்டார். அம்மாவுக்கு 61 வயது. பதினைந்து வருடமாக நீரிழிவு. தம்பியின் கல்யாணம் வருகிறது, சேலை கட்டினால் வயிறு தள்ளித் தெரியக்கூடாது என்பது ஓர் ஆசை. வயிறு குறைந்தால் சீனியும் குறையும் என்று அங்கே யாரோ சொல்லியிருப்பது இன்னொரு காரணம். அதன் பிறகு வந்த அழைப்புகளில் பாதி இதே விடயம்தான். இரண்டு ஆண்களும் கேட்டார்கள், பெயர் சொல்லாமல்.

நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்து, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் கொடுக்கிற காசுக்குக் கைக்கு என்ன வருகிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கண்ணோடு இந்த இயந்திரங்களைப் பற்றி வாசித்து அறிந்ததை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. தோலுக்குக் கீழே, விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது ஒன்று. தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றியிருப்பது மற்றது. தொப்பை கல் மாதிரி இறுக்கமாக முன்னே தள்ளி நின்றால், அதில் பெரும் பங்கு இந்த உட்கொழுப்பு. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் கூடுதலாகக் காரணமாவது இதுதான். தென்னாசியர்களாகிய நமக்கு உடல் நிறை அதிகமில்லாதபோதும் இது சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று, ஐரோப்பிய ஆண்களுக்குச் சொல்லும் 94ஐ விடக் குறைவாக வைத்திருக்கிறார்கள். கீழே சொல்லப்போகும் இயந்திரங்களில் ஒன்றுகூட இந்த உட்கொழுப்பை அகற்றுவதற்கு உருவாக்கப்பட்டதல்ல. அவற்றின் வேலை எல்லாம் கிள்ளிப் பிடிக்கக்கூடிய மேற்கொழுப்போடு முடிந்துவிடுகிறது.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். பெயர்ப்பலகையில் எத்தனை பெயர் இருந்தாலும், உள்ளே நடப்பது குளிர், சூடு, காந்தம், உறிஞ்சுதல் என்ற நாலுக்குள் அடங்கும்.

குளிர் முறையின் கதை சுவையானது. ஐஸ்பழம் வாயில் வைத்துச் சூப்பிய குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு வீங்கிக் கரைந்ததைப் பற்றி 1970இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளேயிருந்த கொழுப்புக்குத்தான் பாதிப்பு. தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் குளிர்காலத்தில் குசினியில் வைத்தவர்களுக்கு இது புரியும். தண்ணீர் உறைவதற்கு வெகு முன்னரே எண்ணெய் உறைந்துவிடுகிறது. பொஸ்டன் நகரின் மசாச்சுசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த டீற்றர் மான்ஸ்டைன், றொக்ஸ் அண்டர்சன் ஆகியோர் இதை வைத்துப் பன்றிகளில் சோதனை செய்து 2008இல் வெளியிட்டார்கள். 2010இல் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கும், 2012இல் வயிற்றுக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. சதையை ஒரு கிண்ணத்துக்குள் உறிஞ்சி இழுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை குளிரூட்டுவார்கள். கொழுப்புக் கலங்கள் அன்றைக்கே மறைவதில்லை. மெல்ல மடிகின்றன, உடம்பு அவற்றை இரண்டு மூன்று மாதத்தில் அகற்றுகிறது. கிண்ணம் பிடித்த இடத்தில் கொழுப்பின் தடிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை குறையலாம் என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. இந்த நாலு முறைகளில் ஆய்வுப் பலம் அதிகம் உள்ளது இதற்குத்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் இதே முறைக்கு ஒரு விசித்திரமான பக்கவிளைவும் உண்டு. சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக, கிண்ணம் வைத்த இடத்திலேயே கட்டியாகப் பெருக்கிறது. சில மாதம் கழித்துத்தான் தெரியவரும். தானாக வற்றாது. சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். கனடாவில் பிறந்த புகழ்பெற்ற மொடல் அழகி லிண்டா எவஞ்சலிஸ்டா தனக்கு இப்படி நேர்ந்ததாக 2021இல் பகிரங்கமாக அறிவித்து, இயந்திர நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 2022இல் அது சமரசமாக முடிந்தது. இந்த விளைவு அரிதுதான். எவ்வளவு அரிது என்பதில் நிறுவனம் முதலில் சொன்ன கணக்குக்கும், பின்னர் வைத்தியர்கள் எழுதிய கணக்குகளுக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. கத்தியைத் தவிர்க்கப் போய்க் கத்தியில் முடியக்கூடிய ஒன்று என்பதால், கையெழுத்துப் போடும் படிவத்தில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ஐஸ்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு படுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தோலைத்தான் சுடும்.

சூட்டு முறையில் மூன்று வகை உண்டு. லேசர் ஒன்று. 1060 நனோமீற்றர் அலைநீள ஒளியால் கொழுப்பை 42 முதல் 47 பாகை வரை சூடாக்கி, 25 நிமிடம் வைத்திருப்பார்கள். 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டாவது கேளா ஒலி. வைத்தியசாலைகளில் பாவிக்கும் செறிவான வகை, தோலுக்குக் கீழே ஒரு புள்ளியில் ஒலியைக் குவித்துக் கொழுப்பைச் சுட்டுவிடுகிறது. ஸ்பாக்களில் 'கவிற்றேஷன்' என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் வேறு, வலுக்குறைந்த சாதனம். ஒரே பெயரைச் சொல்லி இரண்டையும் விற்கிறார்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாவது ரேடியோ அலை. வானொலிக்காரனாகிய எனக்கு இதில் தனிப் பிரியம். பல கருவிகள் ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன, அதாவது பழைய மத்திய அலை வானொலியின் வரிசையிலேயே. (எங்கள் ஒலிபரப்பைக் கேட்டு எவரும் மெலிந்ததாகத் தகவல் இல்லை.) இது தோலைச் சற்று இறுக்குவதற்குத்தான் கூடுதலாக உதவுகிறது. கொழுப்பைக் குறைக்கும் அளவு கருவிக்குக் கருவி மாறும்.

காந்தம் வேறு சாதி. 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற இந்த வகை, அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 20,000 தடவை வயிற்றுத் தசையைச் சுருங்க வைக்கிறது. தசை சற்றுத் தடிக்கும், இறுகும். மேலே தடித்த கொழுப்பு இருப்பவருக்கு வெளியே பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு ஏற்றது என்பதை அநேக விளம்பரங்கள் சிறிய எழுத்திலும் சொல்வதில்லை.

உறிஞ்சி உருட்டும் மசாஜ் 1980களில் பிரான்சில் தொடங்கியது. தோலின் மேடு பள்ளம் சில நாள் சமனாகத் தெரியும், அவ்வளவுதான். துணியும் பிளாஸ்ரிக்கும் சுற்றி வியர்க்க வைப்பது நீர்க்கணக்கு. இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் பழைய அளவு திரும்பிவிடும்.

இனிக் கணக்கு. குளிர்க் கிண்ணம் 15 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் பரப்பைப் பிடிக்கிறது, கொழுப்பின் தடிப்பு 3 சென்ரிமீற்றர் என்று வைப்போம். மொத்தம் 900 கன சென்ரிமீற்றர். நாலில் ஒன்று போனால் 225. கொழுப்பு தண்ணீரை விட இலேசானது என்பதால் நிறை ஏறத்தாழ 200 கிராம். சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் 250 கிராம் பட்டர் கட்டியை விடக் குறைவு. ஓர் இடத்துக்கு 800 டொலர் வாங்கினால் கிராம் ஒன்றுக்கு 4 டொலர் விழுகிறது. நியாயமாகச் சொன்னால், 3 சென்ரிமீற்றர் 2.25 ஆகக் குறைவது உடுப்பில் தெரியக்கூடிய மாற்றம்தான். ஓர் இடத்துச் சதை மட்டும் தொந்தரவாக இருந்து, நிறை ஓரளவு சரியாக உள்ளவருக்கு அது பயனுள்ள செலவாகவும் இருக்கலாம். தராசில் தேடினால்தான் ஏமாற்றம்.

'சீனி குறையும்' என்ற பேச்சை மட்டும் நான் விடமாட்டேன். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருத்த 15 பெண்களுக்குச் சத்திரசிகிச்சையால் வயிற்றின் மேற்கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்குச் சராசரியாகப் பத்துக் கிலோ அளவு. அவர்களில் ஏழு பேருக்கு நீரிழிவு இருந்தது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ, இரத்த அழுத்தத்திலோ, இரத்தக் கொழுப்பிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பத்துக் கிலோ எடுத்தும் கிடைக்காத பலனை 200 கிராம் தரும் என்று ஒருவர் சொல்வாரானால், அவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். உணவைக் குறைத்து நடந்து இழக்கும் ஐந்து கிலோவில் உட்கொழுப்பும் சேர்ந்து கரைகிறது. வித்தியாசம் அங்கேதான்.

அந்தச் சகோதரியின் அம்மாவைப் போன்றவர்களுக்கு இன்னும் பெரிய விடயம் ஒன்று உண்டு. லேசர், ரேடியோ அலை வைக்கும்போது "சூடு தாங்குதோ?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அளவைக் கூட்டுகிறார்கள். நீங்கள் "ஐயோ" என்பதுதான் பாதுகாப்பு மணி. நீண்டகால நீரிழிவால் நரம்பு மரத்தவருக்கு அந்த மணி அடிக்காது. தோல் வெந்த பிறகுதான் தெரியும், புண் ஆறுவதும் தாமதம். குளிருக்கும் இதே கதை. ஆகவே அந்த அம்மாவுக்குக் குடும்ப வைத்தியரின் சம்மதம் இல்லாமல் எந்த இயந்திரமும் வேண்டாம் என்று சகோதரியிடம் சொன்னேன். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ரேடியோ அலையும் காந்தமும் கூடாது. வயிற்றில், இடுப்பில் உலோகத் தகடு உள்ளவர்களும், செப்புக் கருத்தடை வளையம் உள்ள பெண்களும் காந்தத்தைத் தவிர்க்க வேண்டும். தொப்புள் குடலிறக்கம் உள்ளவர்கள் வயிற்றில் குளிர்க் கிண்ணம் வைக்கக்கூடாது. அறுவைப் பிரசவத் தழும்பு உள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். குளிரால் இரத்தம் பாதிக்கப்படும் அரிய நோய்கள் உள்ளவர்களுக்குக் குளிர் முறை அறவே கூடாது. இவற்றை எல்லாம் கேட்காமல் அட்டை இயந்திரத்தை நீட்டும் இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

காசு விடயத்தில் என் தொழில் அறிவு கொஞ்சம். ஆறு தரத்துக்கு முற்பணம் கட்டினால் பத்து வீதம் கழிவு என்பார்கள். நீங்கள் கட்டிய அந்த முற்பணம் அவர்களது கணக்குப் புத்தகத்தில் வருமானம் அல்ல, கடன். கடை முறிந்து போனால் நீங்கள் பிணையற்ற கடன்காரர் வரிசையில், வங்கிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பின்னால் நிற்பீர்கள். அநேகமாகக் கைக்கு ஒன்றும் வராது. கழிவு போனாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தரத்துக்கும் அன்றன்றே கட்டுங்கள். நீங்களாகக் கடைக்குப் போய் ஒப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு, மனம் மாறினால் திரும்பப் பெறும் அவகாசம் அவுஸ்திரேலியச் சட்டத்தில் பொதுவாக இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். மெடிகெயார் இதற்கு ஒரு சதமும் தராது.

அளவு நாடாவையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். காலையில் சாப்பிடுமுன், மூச்சை இயல்பாக விட்டபடி, தொப்புள் மட்டத்தில், நீங்களே மூன்று நாள் அளந்து சராசரி எடுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே மாதிரி அளந்து பாருங்கள். நாடாவை இறுக்கி இழுத்தாலே ஒரு சென்ரிமீற்றர் 'குறைந்துவிடும்'.

இயந்திரத்தின் பெயரையும் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் எழுதி வாங்கி, டி.ஜி.ஏ. எனப்படும் அவுஸ்திரேலிய மருத்துவப் பொருள் நிர்வாகத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று கணினியில் பார்க்கலாம், இலவசம். கருவியால் தீங்கு நேர்ந்தால் வைத்தியர் மூலம்தான் என்றில்லை, பாதிக்கப்பட்டவரே அந்த நிர்வாகத்துக்கு நேரடியாக அறிவிக்கலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தை அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்துவிடுவார்கள்.