நல்ல தண்ணீரில் பிறக்கும் நோய்க் கொசு

கொசு என்றவுடன் சாக்கடையும் குட்டையுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஊரில் காய்ச்சல் கண்டால், சாக்கடையைத் தூர் வார வேண்டும், புகை மருந்து அடிக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் முறையிடுவது வழக்கமாகிவிட்டது. சாக்கடையைத் தூய்மையாக வைப்பது அவசியமே; யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அத்தகைய அழுக்கு நீரில்தான் வளர்கிறது. ஆனால் டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் புழங்குவதற்கெனப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரிலேயே அது பிறக்கிறது. இதனை உணராதவரை, எவ்வளவு பணம் செலவிட்டாலும் இந்நோய்களைத் தடுக்க இயலாது.

வெளியிலிருந்து வந்த விருந்தாளி

ஏடிஸ் எஜிப்தி எனப்படும் இக்கொசு நம் நாட்டிற்குரியது அன்று. ஆப்பிரிக்கக் காடுகளில் மரப்பொந்து நீரில் வாழ்ந்த இந்த இனம், வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் குடியேறித் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. காட்டை மறந்து மனிதனுடைய வீட்டையே தன் வீடாக்கிக்கொண்டது. 1964ஆம் ஆண்டில் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களில் சிக்குன்குனியா பரவியது. பின்னர் நெடுங்காலம் ஓய்ந்திருந்து, 2006ஆம் ஆண்டில் நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் பேரைத் தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சலால் 2012இல் 66 பேரும் 2017இல் 65 பேரும் உயிரிழந்தனர்.

சிக்குன்குனியா உயிரைப் பறிப்பது அரிதே. ஆனால் களை எடுப்பவரும் பால் கறப்பவரும் வாரக்கணக்கில் விரலை மடக்க இயலாமல் மூட்டு வலியால் வருந்துவர். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பெரும் நஷ்டம்.

மற்றோர் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆசியாவிற்கே உரியது. தோப்புகளிலும் மலைகளிலும் மிகுதி. பழைய டயர்களில் ஒட்டியிருந்த முட்டைகளின் வழியே இது 1990ஆம் ஆண்டில் இத்தாலிக்குச் சென்றது. 2007இல் இந்தியாவிலிருந்து அங்கு சென்ற ஒருவரிடமிருந்து நோய் பரவி, இருநூறுக்கும் மேற்பட்டோர் சிக்குன்குனியாவால் பாதிக்கப்பட்டனர். நாமக்கல் மாவட்டம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆகையால் மழைநீர் தேங்கும் பழைய டயரின் அபாயத்தை மற்றவரைவிட நாமே முதலில் உணர வேண்டும்.

அது வளரும் விதம்

பெண் கொசு தன் முட்டைகளை நீரின் நடுவில் இடாமல், நீர் மட்டத்தை ஒட்டிய பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் நிரம்பியதும் பொரிக்கும். புழுவாய் நெளிந்து, கூட்டுப் புழுவாய் மாறி, கொசுவாய்ப் பறப்பதற்குச் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். இக்கொசு பகலில் கடிக்கும். பெரும்பாலும் சில நூறு அடிகளுக்கு மேல் பறந்து செல்வதில்லை. எனவே நம்மைக் கடிக்கும் கொசு, நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும்.

புகை மருந்து அப்போது பறந்து திரியும் கொசுக்களை மட்டுமே கொல்லும். நோய் கண்ட இடத்தில் அதனால் பயன் உண்டு. ஆனால் தொட்டியிலுள்ள புழுக்களையும் முட்டைகளையும் அது தொடுவதில்லை; சில நாட்களிலேயே புதிய கொசுக்கள் புறப்பட்டுவிடும்.

வீட்டார் செய்ய வேண்டுவன

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை நாளை மறவாதது போல அந்நாளையும் மறவாதீர்கள். அன்று தொட்டி, அண்டா, டிரம் யாவற்றையும் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டிவிட்டு நிரப்பினால் மட்டும் போதாது. ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். நீர் நிறைத்த பாத்திரங்களுக்கு இடைவெளியில்லாத மூடி இடுங்கள். மூடி இல்லையேல் துணியால் வேடு கட்டுங்கள். கோழிக்கும் மாட்டிற்கும் நீர் வைக்கும் தொட்டிகளையும் இவ்வாறே கழுவுங்கள். ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்கச்சி, உடைந்த பானை, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். கொல்லிமலையில் மூங்கில் வெட்டிய அடிக்கட்டைகளையும் மரப்பொந்துகளையும் மண்ணிட்டு நிரப்புவது நலம்.

களப்பணியாளர் தொட்டியில் இடும் அபேட் மருந்து, உரிய அளவில் குடிநீரிலும் சேர்க்கத்தக்கதென உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதாகும். வாடைக்கு அஞ்சி அதனைக் கொட்டிவிட வேண்டாம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

குழாய்த் தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறை வரும் தெருவில், சேர்த்து வைத்த தண்ணீரைக் கொட்டச் சொன்னால் எந்தத் தாய்மார் கேட்பார்கள்? அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. தண்ணீர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்து, அந்நாளில் தவறாது வருமாயின், பாத்திரங்களில் நாட்கணக்காக நீரைத் தேக்கி வைக்கும் தேவை குறையும். தண்ணீர் விடும் நாளுக்கு முந்திய மாலையே பாத்திரம் தேய்க்கும் நாளாக அமையலாம். ஆதலால் குடிநீரை ஒழுங்காக வழங்குவதே பஞ்சாயத்து செய்யக்கூடிய முதல் கொசு ஒழிப்பு வேலையாகும். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி, குழாய்க் கசிவைப் பழுது பார்த்தல், டயர்களைக் கூரையின் கீழ் வைக்கச் செய்தல் ஆகியவை அடுத்தவை. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே கொசு ஒழிப்பிற்கு வழி வகுத்துள்ளது. எனினும், அங்கத்தினர் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று புழுவைக் கண்ணெதிரே காட்டுவது, அறிவிப்புச் சீட்டைவிட அதிகப் பயன் தரும்.

காய்ச்சல் கண்டால்

ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே செல்ல வேண்டும். கடையில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்கலாகாது. டெங்குவில் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் ஆபத்து நீங்கியதென எண்ணுவது பெருந்தவறு. அப்போதுதான் நோய் முற்றுவதுண்டு. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று காணினும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் செய்தால், அவரிடமிருந்து கொசு நோயை எடுத்துச் செல்லாது.

ஒரு வீடு மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசு வேலி தாண்டி வரும். தெரு முழுவதும் ஒரே நாளில் பாத்திரம் தேய்த்தால் கொசுவிற்கு இடமிராது. வரும் மழைக்காலத்திற்கு முன்னரே பஞ்சாயத்துக்கள் தத்தம் ஊரில் அந்நாளைக் குறித்து, இப்பணியைத் தொடங்க முன்வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.