கன்டெய்னரில் வந்தால் சலுகை, கவரில் வந்தால் வரி

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் ஆர்டர் செய்து வரவழைக்கும் பொருளுக்கு, இவ்வளவு ரூபாய் வரை வரி இல்லை என்ற வரம்பு இந்தியாவில் கிடையாது. ஜப்பானிலிருந்து வரும் ஒரு ஜோடி மூங்கில் பின்னல் ஊசியானாலும், ஜெர்மனியிலிருந்து வரும் மாடல் ரயில் எஞ்சினானாலும் சுங்க வரிக்கு உட்பட்டதுதான். விதிவிலக்கு ஒன்றுதான் உண்டு, அதுவும் மிகச் சிறியது. சுங்கச் சட்டம் 1962-ன் 25-ம் பிரிவின்படி, கட்ட வேண்டிய வரி 100 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் வசூலிப்பதில்லை. பொருளின் விலை 100 ரூபாய் என்று இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சட்டம் சொல்வது வரித் தொகையை.

திருப்பூரில் இந்த விஷயம் சற்று விசித்திரமாகத் தெரியும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நிட்டிங், டையிங், காஜா பட்டன் யூனிட்டுகள். நூல் கோன் இல்லாத தெரு அரிது. ஆனால் கையால் பின்னுகிறவர்கள் தேடும் மெரினோ கம்பளி நூல்கண்டு, குரோஷா ஊசி, குயில்ட்டிங் துணி போன்றவற்றில் விரும்பிய ரகம் உள்ளூரில் எளிதாகக் கிடைப்பதில்லை. பனியன் கம்பெனிக்கு வேண்டிய நூலும் பொழுதுபோக்காகப் பின்னுகிறவருக்கு வேண்டிய நூலும் வேறு வேறு. அதனால் பின்னல் ஊரில் இருந்துகொண்டே பின்னல் சாமானுக்கு வெளிநாட்டுக் கடையை நாட வேண்டியிருக்கிறது. பார்சல் வந்த பிறகுதான் தெரிகிறது, அதே ஊர் கம்பெனிக்கு ஒரு விதி, வீட்டு முகவரிக்கு இன்னொரு விதி என்று.

கம்பெனிக்கான விதி ஏற்றுமதியை வளர்க்க எழுதப்பட்டது. பட்டன், ஜிப், லேபிள், லைனிங் துணி, லேஸ் போன்ற அக்சஸரீஸ்களை ஆடை ஏற்றுமதியாளர்கள் வரியின்றி இறக்க 2022 பட்ஜெட் வழி செய்தது. முந்தைய ஏற்றுமதி மதிப்பில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரைதான் இறக்கலாம். இறக்கிய சாமானை ஏற்றுமதி ஆடையில் சேர்த்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். நிட்டிங் மெஷின் வாங்க இபிசிஜி திட்டம் இருக்கிறது. மெஷினை வரியில்லாமல் கொண்டுவந்து, மிச்சமான வரியைப்போல 6 மடங்குக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். பையர் அனுப்பும் சாம்பிளுக்கும் வரம்புக்கு உட்பட்ட தனி விலக்கு உண்டு. சலுகை எதுவும் கிடைக்காத சரக்காக இருந்தாலும், இறக்குமதியின்போது கட்டிய ஐஜிஎஸ்டியை, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியை, கம்பெனி உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் பார்சலில் கட்டிய வரி கட்டியதுதான்.

வரிப் பட்டியலும் இந்த இரு உலகத்தையும் பிரித்தே வைத்திருக்கிறது. பருத்தி நூல் கோனில் வந்தால் 5205, 5206 ஆகிய தலைப்புகள். சில்லறை விற்பனைக்கான கண்டாக வந்தால் 5207. கம்பளி நூலுக்கு 5106, 5107 ஒரு பக்கம், 5109 மறுபக்கம். எது சில்லறைக் கண்டு என்பதற்கு எடைக் கணக்கே இருக்கிறது. மெல்லிய பருத்தி, கம்பளி நூல் என்றால் ஒரு கண்டு 125 கிராமைத் தாண்டக் கூடாது. தடித்த நூலுக்கு 500 கிராம் வரை போகலாம். கைப்பின்னல்காரர் வாங்கும் 50 கிராம், 100 கிராம் கண்டுகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். துணியிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. மலிவான பின்னல் துணி வந்து குவிவதைத் தடுக்க, 2025 பட்ஜெட்டில் 9 வகைப் பின்னல் துணிகளுக்கு 20 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இதில் எது அதிகமோ அது என்று வரி உயர்த்தப்பட்டது. ரோல் ரோலாக இறங்கும் துணியை மனதில் வைத்துப் போட்ட விதி; அந்தத் தலைப்பில் வகைப்படுத்தினால் இரண்டு மீட்டர் ஜெர்சித் துணிக்கும் அதே விதிதான்.

சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கென்று 9804 என்ற பொதுத் தலைப்பு இருக்கிறது. பொருள் நூலா, கேமரா லென்ஸா, தூண்டில் ரீலா என்று பார்க்காமல் ஒரே விகிதம் போடுவது இதன் வசதி. அந்த விகிதம் நீண்ட காலம் கடுமையாகவே இருந்தது. 2025 பட்ஜெட்டுக்கு முன் அடிப்படைச் சுங்க வரி 35 விழுக்காடு. அந்த வரியின் மேல் 10 விழுக்காடு சமூக நல கூடுதல் வரி, அதாவது 3.5. பொருளின் மதிப்போடு இவை எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 28 விழுக்காடு ஐஜிஎஸ்டி. மொத்தம் 77.28 விழுக்காடு. வரியின் மேல் வரி ஏறுவதால்தான் தனித்தனி விகிதங்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 2025 பட்ஜெட் 35 விழுக்காட்டு அடுக்கையே எடுத்துவிட்டு 20-க்கு இறக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறியபோது 28 என்பது 18 ஆனது. 2026 பட்ஜெட் அடிப்படை வரியை 20-லிருந்து 10-ஆகக் குறைத்தது. பொழுதுபோக்குப் பொருள் வாங்குகிறவர்களுக்குப் பல ஆண்டுகளில் கிடைத்த பெரிய நிவாரணம் இது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் 77 விழுக்காட்டுக் கணக்கை நம்பிப் பயப்பட வேண்டியதில்லை.

வரி எந்தத் தொகையின் மேல் என்பதில்தான் அடுத்த குழப்பம். பொருளின் விலை, விமானக் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்ததுதான் வரிக்குரிய மதிப்பு. 10,000 ரூபாய்க்கு நூலும் ஊசியும் வாங்கி, அனுப்பும் செலவு 3,500 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். 2007-ம் ஆண்டின் மதிப்பீட்டு விதிப்படி விமானக் கட்டணத்தை, ஏற்றுமதி செய்யும் இடத்தில் உள்ள பொருள் மதிப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே 3,500-க்குப் பதில் 2,000 மட்டுமே கணக்கில் வரும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 விழுக்காடு, அதாவது 112.50. வரிக்குரிய மதிப்பு 12,112.50 ரூபாய். பழைய விகிதத்தில் இதற்கு வரி சுமார் 9,360 ரூபாய். கிட்டத்தட்ட பொருளின் விலைக்கே இன்னொரு முறை பணம் கட்டுவது. 10 விழுக்காடு சுங்கமும் 18 விழுக்காடு ஐஜிஎஸ்டியும் என்றால், கூடுதல் வரி சேர்வதைப் பொறுத்து சுமார் 3,600-லிருந்து 3,750 ரூபாயில் முடியும். டாலரையோ யென்னையோ ரூபாயாக மாற்ற, கார்டில் பிடித்த விகிதத்தை அதிகாரிகள் எடுப்பதில்லை. சுங்கத்துறை அறிவிக்கும் விகிதம்தான் செல்லும். பில்லில் மதிப்பு சற்றுக் கூடித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியோடு முடிந்தால் பரவாயில்லை. கூரியர் நிறுவனம் வாங்குபவரின் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணம் போடும். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. விலை குறைந்த பார்சலில் வரியைவிட இந்தக் கட்டணம் அதிகமாகிவிடுவதும் நடக்கிறது. மக்கள் டூட்டி என்று திட்டுவதில் ஒரு பங்கு உண்மையில் அரசுக்குப் போகாத பணம். அதுபோக, பல கூரியர்காரர்கள் பார்சலை 9804-ல் போடாமல் பொருளின் சொந்தத் தலைப்பிலேயே வகைப்படுத்துகிறார்கள். அதில் விகிதம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அச்சிட்ட பின்னல் புத்தகம் நல்ல உதாரணம். புத்தகத்துக்கு 2019-லிருந்து சுங்கம் 5 விழுக்காடுதான், ஐஜிஎஸ்டி கிடையாது. புத்தகத்தையும் நூலையும் ஒரே வரியில் எழுதிக் கணக்குப் போட்டிருந்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. எந்தத் தலைப்பு, என்ன மதிப்பு, என்ன விகிதம் என்பதெல்லாம் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும். கூரியர் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் இருக்காது. தபாலில் வந்தால் செலவு குறைவு, நாள் அதிகம்.

கிஃப்ட் என்று எழுதச் சொன்னால் வரி தப்பும் என்ற யோசனை இப்போது செல்லாது. ஒரு காலத்தில் குறிப்பிட்ட மதிப்பு வரை பரிசுப் பொருளுக்கு விலக்கு இருந்தது. அதை வைத்து வெளிநாட்டு ஆப்கள் விற்பனைச் சரக்கையே பரிசாக அனுப்பிக் குவித்ததால், 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கதவைச் சாத்தியது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர வேறு எதுவும் பரிசு என்ற பெயரில் வரியின்றி வர முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணன் அனுப்பினாலும் அதுதான் நிலை. கடைக்காரரிடம் பேசி விலையைக் குறைத்து எழுதச் சொல்வது இன்னும் மோசம். தவறான மதிப்பு காட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யவும், அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வலைத்தளத்தில் விலை பட்டவர்த்தனமாகத் தெரியும் காலத்தில் அதிகாரிக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

வேறு சில பொருள்களுக்கு வரியைவிட, உள்ளே விடுவார்களா என்பதே பெரிய கேள்வி. முழு டிரோனை இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரி 9 முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி. உதிரி பாகங்கள் வரலாம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் பிஐஎஸ் தரச் சான்று கட்டாயம். பொம்மை மீதான சுங்கமும் 2020-ல் 20-லிருந்து 60 விழுக்காடாகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. மாடல் கார், ஜிக்சா புதிர் எல்லாமே அந்த 9503 தலைப்பில்தான் வருகின்றன என்பது பெரியவர்களாகிவிட்ட சேகரிப்பாளர்களுக்குத் தெரிவதில்லை. மாடித் தோட்டத்துக்கு வெளிநாட்டு விதை வாங்க, 2003-ம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். கவரில் பத்து விதை போட்டு அனுப்பினாலும் விதி மாறாது.

திருப்பூர்ப் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரோஷா பொம்மை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்கியவர் 40 கண்டு நூலைச் சொந்த உபயோகம் என்று சொல்லி இறக்குவது சரியில்லை. அது வியாபாரம். அதற்கு ஐஇசி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் எடுக்க வேண்டும். பான் எண்ணைக் கொண்டு ஆன்லைனிலேயே 500 ரூபாயில் எடுத்துவிடலாம். ஜிஎஸ்டி பதிவும் இருந்தால் கட்டிய ஐஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம். விற்பனை நிலையாக நடக்கிறவர்களுக்கு இந்த வழியே லாபம்.

வரியில்லா வரம்பு வைத்திருந்த நாடுகளும் அதைக் கைவிட்டு வருகின்றன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலேயே 1,000 டாலருக்குக் குறைவான பார்சலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. அமெரிக்காவின் 800 டாலர் விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ல் முடிந்தது. அதை ஒட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. கன்டெய்னர் அனுப்பும் பெரிய கம்பெனிகளுக்கு 800 டாலர் விலக்கு ஒரு பொருட்டில்லை. நேரடியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஓரிரு உருப்படி அனுப்பிவந்த சின்ன விற்பனையாளர்களுக்குத்தான் அடி. வாங்குகிறவருக்கு இங்கே வரும் அதே அதிர்ச்சிப் பில் இப்போது அங்கேயும் வருகிறது.

வரி தாங்காது என்று தெரிந்தால் பார்சலை ஏற்க மறுக்கலாம். கிளியரன்ஸ் ஆவதற்கு முன் பொருளின் மீதான உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தால் சுங்கச் சட்டத்தின் 23-ம் பிரிவின்படி வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரருக்குக் கொடுத்த பணம் திரும்ப வருமா என்பது அவரோடான பேச்சு. பொருளை அப்படியே திருப்பி அனுப்பினால், 2 ஆண்டுகளுக்குள் என்றால், கட்டிய சுங்கத்தில் 98 விழுக்காடு வரை திரும்பப் பெற 74-ம் பிரிவு இடம் தருகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் காகித வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அதில் வியப்புமில்லை. வகைப்பாடோ மதிப்போ தவறு என்றால் நிலைமை வேறு. 60 நாள்களுக்குள் ஆணையர் (மேல்முறையீடு) முன் முறையிடலாம். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் பில் ஆஃப் என்ட்ரிதான். பார்சலைக் கையில் வாங்கும் அன்றே அதன் நகலைக் கூரியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.