வாசலில் மூட்டை அடுக்காதீர்கள்!

சனிக்கிழமை. சம்பளம் வாங்கும் நாள். மாலை மணி 4-40. வேலை முடிய இன்னும் ஐந்தே நிமிடம்தான் பாக்கி.

தையல் மிஷின்களின் முன்னால் உட்கார்ந்து இருந்த பெண்கள் வீட்டுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டு இருந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். 16 வயது, 18 வயது, 20 வயது. மறுநாள் விடுமுறை. முகத்தில் சிரிப்பு.

எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள் அதில் நிறைந்து கிடந்தன. பல வாரங்களாக அதை யாரும் அள்ளவில்லை. அதில் நெருப்புப் பற்றியது. யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அணையவில்லை. மேலே கம்பியில் தொங்கிய காகித மாதிரிகள் பற்றின. தீ ஒன்பதாவது மாடிக்குத் தாவியது.

ஒன்பதாவது மாடியில் இருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள். ஒரு படிக்கட்டின் பக்கம் தீ. இன்னொரு படிக்கட்டின் கதவைப் பெண்கள் தட்டினார்கள், இழுத்தார்கள், அலறினார்கள். கதவு திறக்கவில்லை. அது பூட்டிக் கிடந்தது!

ஏன் பூட்டினார்கள்? வேலை செய்கிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்! எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே பையைச் சோதித்து அனுப்புவார்கள்.

தீயணைக்கும் படை வந்தது. ஏணியை நீட்டினார்கள். அது ஆறாவது மாடி வரைதான் எட்டியது. பல பெண்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர்!

இது எங்கே நடந்தது? திருப்பூரிலா? இல்லை. அமெரிக்காவில், நியூயார்க் நகரில். 1911-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந்தேதி. பெண்கள் அணியும் மேல்சட்டை தைத்த "டிரையாங்கிள்" கம்பெனியில் நடந்த கோரம்.

நூறு வருடம் கழித்தும்...

"அது பழைய காலம். இப்போது அப்படி நடக்குமா?" என்று கேட்கத் தோன்றும்.

நடந்தது. நூறு வருடம் கழித்து, 2012-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி. வங்காள தேசத்தில், டாக்கா நகருக்குப் பக்கத்தில் உள்ள "தஸ்ரீன்" என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. அன்றும் சனிக்கிழமைதான். நூலும் துணியும் அடுக்கி வைத்திருந்த கீழ்த் தளத்தில் தீப்பிடித்தது. அபாய மணி அடித்தது. ஆனால், "ஒன்றும் இல்லை, வேலையைப் பாருங்கள்" என்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாக, உயிர் தப்பியவர்கள் பிறகு கூறினார்கள். படிக்கட்டுகள் எல்லாம் கீழ்த் தளத்துக்குத்தான் இறங்கின. அங்கேதான் தீ! 110 பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

இரண்டு இடத்திலும் எரிந்தது துணி. ஆனால் ஆட்களைக் கொன்றதில் பெரும் பங்கு, வெளியே வர வழி இல்லாமல் போனதற்கு உண்டு.

இதைச் சேவூர்க்காரர்களுக்கு எதற்குச் சொல்லவேண்டும்?

சேவூரில்

அவிநாசிக்கு வடக்கே இருக்கிறது சேவூர். வாலீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். திங்கட்கிழமை வந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம். காடும் தோட்டமும் உள்ள ஊர்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் கடலைக்காடு பாதி என்றால், பனியனும் தறியும் பாதி. காலையில் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்பவர்கள் ஒரு பக்கம். வீட்டிலேயே இருந்து பிசிர் வெட்டுபவர்கள், மடித்துக் கொடுப்பவர்கள், இரண்டு மிஷின் போட்டுத் தைப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பெரிய கம்பெனிக்கு அதிகாரிகள் வருவார்கள். தீயணைக்கும் கருவி எங்கே, அவசர வழி எங்கே என்று கேட்பார்கள். வீட்டுத் தையலுக்கு யார் வரப்போகிறார்கள்? முன் அறையில் மிஷின். பின் அறையில் அடுப்பு. நடுவில் குழந்தை தூங்குகிறது. நாளைக் காலையில் வண்டி வந்து எடுத்துப் போகவேண்டிய பனியன் மூட்டைகள் எங்கே? வாசலில்! தூக்கிப்போட வசதியாக இருக்கும் என்று அங்கேயே அடுக்கிவிடுகிறோம். அதுவே வீட்டின் ஒரே வாசலாகவும் இருக்கும்.

பிறரை மட்டும் குறை சொல்வானேன்? இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் வீட்டில், இரவில் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றி வாசலை அடைத்து நிறுத்துவதுதான் வழக்கம். திருட்டுப் பயம்! நியூயார்க் முதலாளிக்கு இருந்த அதே பயம். டாங்கியில் பெட்ரோல் வேறு!

புகைதான் எமன்

வீட்டில் தீப்பிடித்தால் நெருப்பு உடம்பைத் தொடுவதற்கு முன்பே புகை ஆளை விழுத்திவிடும். எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நாலு மூச்சு இழுத்தால் தலை சுற்றும். கால் தள்ளாடும். கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவதும் உண்டு.

சூடான புகை மேலே போகும். தரைக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். ஆகவே நிமிர்ந்து ஓடாதீர்கள். குனிந்து, முடிந்தால் தவழ்ந்து வெளியே வாருங்கள். மூடிய கதவு ஒன்று எதிரில் இருந்தால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? அந்தப் பக்கம் தீ இருக்கிறது. அதைத் திறக்கவேண்டாம். வேறு வழி பாருங்கள். வெளியே வரும்போது பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு வந்தால், தீ பரவுவது தாமதப்படும்.

வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக்கூடாது. நகை, பணம், ஆதார் கார்டு, முதலாளி கொடுத்த சரக்கு எதற்காகவும் போகக்கூடாது.

94 பிஞ்சுகள்

தமிழ்நாட்டில் தீ என்றதும் நெஞ்சு பதறும் ஊர் கும்பகோணம். 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி. சமையல் அறையில் மதிய உணவு தயாராகிக்கொண்டு இருந்தது. அங்கே பிடித்த தீ, கூரைக்குப் போனது. மாடியில் வகுப்பு நடந்த இடமும் கீற்றுக் கூரை. எரிந்த கூரை குழந்தைகளின் தலையில் விழுந்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் கருகிப் போனார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 23-ந்தேதிதான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் எரிந்தது. அங்கும் மேலே பந்தல், அங்கும் குறுகிய வழி. மாப்பிள்ளை உள்பட 50 பேருக்கு மேல் பலியானார்கள்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்க அரசு உத்தரவிட்டது. வீடுகளில் எடுத்தோமா? மொட்டை மாடியில் வெயிலுக்காகக் கீற்றுக் கொட்டகை போட்டு, அதற்குக் கீழே மிஷினை வைத்துத் தைக்கும் இடங்கள் உண்டு. பொறி பறக்கும் தீபாவளி இரவில் அந்தக் கொட்டகை என்ன ஆகும்? தகரமோ வேறு எரியாத கூரையோ போடலாம். வெயில் கொஞ்சம் கூடத்தான் அடிக்கும்.

கப்பலில் எரிந்த பஞ்சு

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14-ந்தேதி முதல் 20-ந்தேதி வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறார்கள். ஏன் அந்தத் தேதி தெரியுமா? அதற்கும் பஞ்சுக்கும் சம்பந்தம் உண்டு.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி, பம்பாய் துறைமுகத்தில் "போர்ட் ஸ்டிக்கின்" என்ற கப்பல் நின்றது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிமருந்து. அதோடு ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பகலில் பஞ்சு புகைந்தது. எங்கே புகைகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சரக்கு அறைக்குள் நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை இறைத்தும் பயன் இல்லை. மாலை 4 மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் உயிர் இழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம்.

பஞ்சின் குணம் இதுதான். மேலே அணைந்தது போல இருக்கும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் பொறுத்து, காற்றுப் பட்டதும் மறுபடி எழும். ஆகவே வேஸ்ட் மூட்டை ஒன்று பற்றி அணைத்துவிட்டால், அதை வெளியே இழுத்துப் போட்டு, பிரித்து, ஒவ்வொரு பிடியாக நனைக்கவேண்டும். மூட்டையாகவே விட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது.

பனியன் துணியில் இருந்து பறக்கும் பஞ்சுத் தூசி இன்னும் ஆபத்து. டியூப் லைட் மேலும், சுவிட்சுப் பெட்டி மேலும், மிஷின் மோட்டார் மேலும் பஞ்சு படிந்து மெத்தை போல இருக்கும். ஒரு பொறி போதும், சுவர் முழுவதும் ஓடிவிடும். வாரம் ஒரு தடவையாவது, மெயினை நிறுத்திவிட்டு அதைத் துடைத்து எடுங்கள். கட்டிங் வேஸ்டை அன்றன்றைக்கே அள்ளி, அடுப்புக்கும் சுவிட்சுக்கும் தள்ளி வையுங்கள். இஸ்திரிப் பெட்டியை ஒரு போன் கூப்பிட்டதும் துணிமேல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறோமே, அந்தப் பழக்கத்துக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்! ஒரே பிளக்கில் இஸ்திரி, மோட்டார், மின்விசிறி மூன்றையும் மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். பியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியைக் கட்டிச் சமாளிக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுப்படியில்

தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஐயாமாரும் கவனிக்கலாம், தப்பில்லை.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, கொதிக்கும் எண்ணெயை நாலு பக்கமும் வாரி இறைக்கும். அடுப்பை அணையுங்கள். தட்டை எடுத்து வாணலியை மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ சாகும். சூடு ஆறும்வரை தட்டைத் திறக்கவேண்டாம்.

கேஸ் வாசனை வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். ஆகையால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்கவேண்டும். வெளியே போன பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ரப்பர் குழாயில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தால் மாற்றவேண்டும்.

சேலையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். கீழே விழுந்து உருளவேண்டும். பக்கத்தில் இருப்பவர் கெட்டிக் கம்பளியால் மூடலாம். நைலக்ஸ், பாலியெஸ்டர் துணியால் மூடக்கூடாது. அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். மை, பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் தடவவேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள்.

101-க்கு எப்படிப் பேசுவது?

சேவூருக்குத் தீயணைக்கும் வண்டி பெரும்பாலும் அவிநாசியில் இருந்துதான் வரவேண்டும். எட்டு, ஒன்பது கிலோ மீட்டர். எவ்வளவு வேகமாக வந்தாலும் சில நிமிடங்கள் ஆகும். நாமே அணைத்துப் பார்க்கலாம் என்று அரை மணி நேரம் போராடிவிட்டுப் பிறகு போன் செய்தால், அவர்கள் வந்து சாம்பலைத்தான் நனைக்கவேண்டும். முதலில் எல்லோரும் வெளியே. உடனே 101. அது கிடைக்காவிட்டால் 112. இந்தச் சேவைக்குக் காசு கிடையாது.

பதற்றத்தில் "தீ! தீ! சீக்கிரம் வாங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. எந்த ஊருக்கு வருவது? இப்படிப் பேசிப் பழகுங்கள்:

"சார், சேவூருங்க. கைகாட்டியில் இருந்து கோபி ரோட்டில் வந்தால் வலது கைப் பக்கம், ரேஷன் கடைக்கு அடுத்த சந்துங்க. பனியன் துணி எரியுதுங்க."

"உள்ளே ஆள் இருக்கிறார்களா?"

"எல்லாரும் வெளியே வந்துட்டோமுங்க. பின் அறையில் கேஸ் சிலிண்டர் ஒண்ணு இருக்குதுங்க. சந்து சின்னதுங்க, பெரிய வண்டி திரும்பாது."

இதில் எல்லாம் இருக்கிறது. ஊர், அடையாளம், என்ன எரிகிறது, ஆள் உண்டா, சிலிண்டர் உண்டா, வழி எப்படி. அவர்கள் போனை வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

பிறகு ஒருவர் கைகாட்டிக்கு ஓடட்டும். இரவாக இருந்தால் கையில் டார்ச் விளக்கு வேண்டும். சந்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை மற்றவர்கள் நகர்த்தட்டும். செல்போனில் படம் எடுக்கும் கூட்டத்தையும் சேர்த்துத்தான்! மின்சாரத்தை வெளியில் இருந்து நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். வண்டியில் உள்ள தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பக்கத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் போர்வெல்லில் மோட்டார் ஓடுகிறது என்று காட்ட, விவரம் தெரிந்த ஒரு பெரியவர் அங்கே நிற்கவேண்டும்.