டொபாங்காவாக நடித்த சிறுமி இப்போது என்ன சொல்கிறார்?

மாலை நடைக்குப் போகும்போது எனக்குக் காதில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று ஆபீஸ் விஷயம்தான். ஒருநாள் அது முடிந்ததும் அடுத்ததாக என்னவோ தானாகவே ஓட ஆரம்பித்தது. ஒரு பெண், இரண்டு ஆண்கள், ஒரே சிரிப்பு. சின்ன வயசில் தாங்கள் நடித்த டிவி தொடரை ஒவ்வொரு எபிசோடாகத் திரும்பப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய நினைவை வைத்து நடத்தும் வியாபாரம் என்று நினைத்து அணைக்கப் போனேன். அப்போது அந்தப் பெண் ஒரு காலண்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நடையை நிறுத்திவிட்டு நின்று கேட்டேன். காலண்டர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அவர் பெயர் டேனியல் ஃபிஷெல். அமெரிக்காவில் ஏபிசி சேனலில் 1993 செப்டம்பர் முதல் 2000 மே வரை ஓடிய 'பாய் மீட்ஸ் வேர்ல்ட்' தொடரில் டொபாங்கா என்ற பாத்திரத்தில் நடித்தவர். ஏழு சீசன், 158 எபிசோட். கோரி என்ற பையன் பள்ளியில் தொடங்கிக் கல்லூரி, கல்யாணம் என்று வளர்கிற கதை. கோரியின் காதலிதான் டொபாங்கா. கோரியாக பென் சாவேஜ், நண்பன் ஷானாக ரைடர் ஸ்ட்ராங், அண்ணன் எரிக்காக வில் ஃப்ரீடில். வாத்தியார் ஃபீனியாக வந்த வில்லியம் டேனியல்ஸை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் குரலைக் கேட்டிருக்கலாம். 'நைட் ரைடர்' தொடரில் அந்தக் கறுப்பு கார் பேசுமே, அது அவர் குரல்தான்.

ஃபிஷெல் பிறந்தது 1981 மே 5. தொடரின் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது 2000 மே 5. அதாவது அவருடைய பத்தொன்பதாவது பிறந்த நாளன்று. பன்னிரண்டு வயசில் உள்ளே போனவர், பத்தொன்பதில் வெளியே வந்தார். ஒரு மனுஷி உருவாகிற ஏழு வருஷமும் கேமரா முன்னால் போயிருக்கிறது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அவர் சொல்கிற கதைகள் புரியும். இந்த மாதிரி நகைச்சுவைத் தொடர் வாரத்துக்கு ஒரு எபிசோட் என்ற கணக்கில் தயாராகும். முதல் நாள் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார்கள். அடுத்த நாட்களில் ஒத்திகை. எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் அதைப் பார்த்துவிட்டு 'நோட்ஸ்' கொடுப்பார்கள், அதாவது நீ இதை இப்படிச் செய், அதை மாற்று என்று. ராத்திரியோடு ராத்திரியாக வசனம் மாறும். வாரக் கடைசியில் பார்வையாளர்களை உட்கார வைத்துப் படமெடுப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால் வாராவாரம் ஒரு ரிலீஸ், தினமும் கோட் ரிவியூ. வித்தியாசம் என்னவென்றால் ரிவியூ வாங்குகிறவருக்குப் பன்னிரண்டு வயசு, அதுவும் எல்லார் முன்னாலும்.

ஃபிஷெல் வந்தது நான்காவது எபிசோடுக்கு. டொபாங்கா வேடத்துக்கு முதலில் தேர்வானவர் வேறொரு சிறுமி. அவரை எடுத்துவிட்டு இவரைப் போட்டார்கள். முதல் ஒத்திகை முடிந்ததும் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் ஜேகப்ஸ் எல்லாருக்கும் நோட்ஸ் கொடுத்தார். இவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, நாளைக்கு நீ முழுக்க வேறு மாதிரி செய்யவில்லை என்றால் நீயும் இங்கே இருக்க மாட்டாய் என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். பெரிய தப்பு ஒன்றும் இல்லை, வசனத்தை வேகமாகப் பேசிவிட்டார். அன்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பழகி, மறுநாள் மெதுவாகப் பேசிக் காட்டினார். பாராட்டும் கிடைத்தது. சீசன் இரண்டிலிருந்து நிரந்தர நடிகை.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவும் சொல்லலாம். சுயமுன்னேற்றப் புத்தகத்தில் இருந்தால் அப்படித்தான் முடித்திருப்பார்கள். ஃபிஷெல் அப்படிச் சொல்லவில்லை. இன்று அவர் இரண்டு பையன்களுக்கு அம்மா. அந்த இடத்திலிருந்து, அன்று அந்த அறையில் நின்ற குழந்தையைப் பார்க்கிறார். கூட இருக்கும் ஸ்ட்ராங்கும் ஃப்ரீடிலும் அதே ஆளிடம் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள். மூன்று சர்வரின் லாகை ஒன்றாக வைத்துப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும். இரண்டு லாக் முரண்படும் இடமும் உண்டு. அங்கேதான் சுவாரஸ்யம்.

இப்போது காலண்டர். பதினாறு வயசில் ஃபிஷெலின் படங்களை வைத்து ஒரு காலண்டர் வந்திருக்கிறது. நிர்வாகத்தில் இருந்த ஒரு ஆண், அதில் இன்ன மாசத்துப் படம் என் படுக்கையறையில் இருக்கிறது என்று அவரிடமே சொல்லியிருக்கிறார். வேறு சிலர், உனக்குப் பதினெட்டு நிறைகிற தேதியைக் குறித்து வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்களாம். என்னை நிற்க வைத்தது இதுகூட இல்லை, அடுத்து அவர் சொன்னது. அப்போது அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்கிறார். சின்ன வயசிலிருந்தே பெரியவர்களோடு பெரியவர் மாதிரி வேலை பார்த்த பெண். தன்னைப் பெரியவளாக நடத்துகிறார்கள் என்பதே அவருக்கு அங்கீகாரமாக இருந்திருக்கிறது. அதில் என்ன தப்பு என்று புரிய அவருக்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சட்டம் இருந்தது. ஆனால் அது எண்ணக்கூடிய விஷயங்களுக்கான சட்டம். 1921-ல் சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், குழந்தையாக இருந்தபோது 30 முதல் 40 லட்சம் டாலர் சம்பாதித்தார் என்பது கணக்கு. வளர்ந்த பிறகு பார்த்தால் பணம் இல்லை. அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். 1938-ல் வழக்குப் போட்டார். கையில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியாவில் வந்ததுதான் கூகன் சட்டம். அதிலும் ஏகப்பட்ட ஓட்டை. குழந்தை சம்பாதிப்பது பெற்றோருக்கல்ல, குழந்தைக்கே சொந்தம் என்றும், 15 சதவீதத்தைக் கட்டாயம் தனி டிரஸ்ட் கணக்கில் போட வேண்டும் என்றும் தெளிவாக வந்தது 2000-ல். அதாவது டொபாங்கா கதை முடிந்த வருஷம். வேலை நேரத்துக்கும் விதி உண்டு. ஒன்பது வயசிலிருந்து பதினாறுக்குள் இருக்கும் குழந்தை, பள்ளி நாளில் செட்டில் ஒன்பது மணி நேரம்தான் இருக்கலாம். ஐந்து மணி வேலை, மூன்று மணி படிப்பு, ஒரு மணி ஓய்வு.

பணத்தையும் நேரத்தையும் எண்ணலாம். படுக்கையறைக் காலண்டரைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? அன்றைக்கு அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை என்றால் அது எங்கேயும் பதிவாகவே ஆகியிருக்காது. பதிவான இடம் கால் நூற்றாண்டு கழித்து வந்த ஒரு பாட்காஸ்ட்.

நடுவில் அவர் என்ன செய்தார் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர் முடிந்த பிறகு பெரிய நடிகை ஆகவில்லை. 2008-லிருந்து 2011 வரை 'தி டிஷ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். இருபத்தேழு வயசில் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் சேர்ந்து உளவியல் படித்தார். படித்துக்கொண்டே சக மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். (இந்தத் தகவல் எனக்கு ரொம்பப் பிடித்தது.) 2014-ல் டிஸ்னி சேனலில் 'கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்' வந்தது. அதில் கோரி, டொபாங்காவின் மகள்தான் நாயகி, இவர் அம்மா. 2017-ல் அது முடிந்ததும் 'ரேவன்ஸ் ஹோம்', 'சிட்னி டு தி மேக்ஸ்' போன்ற குழந்தைகள் தொடர்களின் சில எபிசோடுகளை இயக்கினார். தனக்கு நோட்ஸ் கொடுத்த நாற்காலியில் இப்போது அவரே.

2022 ஜூனில் பாட்காஸ்ட் தொடங்கியது. இந்த வகைக்கு வழி போட்டது 2019-ல் 'தி ஆஃபீஸ்' நடிகைகள் இரண்டு பேர் தொடங்கிய 'ஆஃபீஸ் லேடீஸ்'. வியாபாரக் கணக்கு எளிமையானது. தொடரின் காட்சிகள் டிஸ்னிக்குச் சொந்தம். அதைப் பற்றிய நினைவு நடித்தவர்களுக்குச் சொந்தம், அதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டாம். தொழில்நுட்பமும் அதிகம் இல்லை. ஒரு ஆடியோ ஃபைல், அதன் முகவரியைச் சொல்லும் ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை, அவ்வளவுதான். இவர்களுடையதை வெளியிடுவது ஐஹார்ட் என்ற பெரிய நிறுவனம் என்பதால் விளம்பரம் கொஞ்சம் அதிகம். உருக்கமான இடத்தில் மெத்தை விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கேட்டதில் மிகச் சிறந்தவை இரண்டு. ஒன்று டிரினா மெக்கீ வந்த எபிசோட். ஏஞ்செலா என்ற பாத்திரத்தில் நடித்தவர், முக்கிய நடிகர்களில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். படப்பிடிப்பில் தான் சந்தித்த இனவெறிப் பேச்சுகளைப் பற்றி 2020-லேயே வெளியில் சொல்லியிருந்தார். ஃப்ரீடில் அதற்கு முன்பே தான் சொன்ன ஒன்றுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். கடைசி எபிசோடில் ஏஞ்செலா கிடையாது. மற்ற நடிகர்கள் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக மெக்கீ சொல்கிறார். எதிரே இருந்த மூன்று பேருக்கும் அதிர்ச்சி. அப்படி ஒரு பேச்சே எங்களிடம் எழவில்லை என்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒருத்தர் அதை மனசில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மற்றவர்களுக்கு அது தெரியவே இல்லை.

இன்னொன்று 2024 பிப்ரவரியில் வந்தது. பிரையன் பெக் என்ற நடிகர் இந்தத் தொடரில் ஓரிரு எபிசோடுகளில் வந்து, இளம் நடிகர்களோடு நெருங்கிப் பழகியவர். சிறுவன் ஒருவனிடம் பாலியல் குற்றம் செய்ததற்காக 2004-ல் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் ஸ்ட்ராங்கும் ஃப்ரீடிலும் அவருக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர் சொன்ன கதையை நம்பி, நீதிமன்றத்தில் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று ஃப்ரீடில் சொல்கிறார். பாதிக்கப்பட்ட சிறுவனின் அம்மா அங்கே இருந்த பிரபலங்களைக் காட்டி, இத்தனை பேரைக் கூட்டிவந்தாலும் நீ என் பிள்ளைக்குச் செய்தது மாறாது என்று பெக்கிடம் சொன்னதை அவர் திரும்பச் சொல்லும்போது குரல் உடைகிறது. அடுத்த மாசம் வந்த 'க்வைட் ஆன் செட்' ஆவணப்படத்தில், அந்தச் சிறுவன் தான்தான் என்று நடிகர் டிரேக் பெல் வெளிப்படுத்தினார். தங்களுக்கு நடந்ததைச் சொல்வது ஒரு கஷ்டம். தங்களால் இன்னொரு குழந்தைக்கு நடந்ததைச் சொல்வது வேறு கஷ்டம். இரண்டாவதையும் செய்ததால்தான் முதலாவதை நான் நம்புகிறேன்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கோரி இல்லை. பென் சாவேஜ் இந்தப் பாட்காஸ்டில் சேரவில்லை, மூன்று பேரோடும் பேச்சையே நிறுத்திவிட்டார் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இடையில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு, 2024 மார்ச்சில் நடந்த முதல் சுற்றிலேயே தோற்றார். 158 எபிசோடிலும் மையமாக இருந்தவருடைய லாக் மட்டும் நம்மிடம் இல்லை. தன் சின்ன வயசைப் பற்றிப் பேசாமலிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டுதானே. அதனால் அவரைக் கிண்டல் செய்கிற ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2024 ஆகஸ்டில் ஃபிஷெல் வழக்கமான எபிசோடுக்கு முன்னால் ஒரு செய்தி சொன்னார். தனக்கு மார்பகப் புற்றுநோய், மிக ஆரம்ப நிலை, பூஜ்யம் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலை. அப்போது வயசு 43. வருஷாந்திர மேமோகிராம் செய்ய வேண்டிய நேரம் என்று போனில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, போயிருக்கிறார், அகப்பட்டுவிட்டது. பிறகு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் நடந்தன. பொதுவாக எல்லாரும் குணமான பிறகுதான் சொல்வார்கள், எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாத ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்பது அவர் நிலைப்பாடு. அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கடைசியாக எப்போது இந்தச் சோதனை செய்தாய் என்று கேட்டேன். செய்ததே இல்லை என்றார். அடுத்த வாரம் அழைத்துக்கொண்டு போனேன்.

கேட்க விரும்புகிறவர்கள் 158 எபிசோடையும் பார்த்திருக்க வேண்டியதில்லை, நானே பத்துப் பன்னிரண்டுதான் பார்த்திருக்கிறேன். டிரினா மெக்கீ வரும் எபிசோடில் ஆரம்பியுங்கள். அது பிடித்திருந்தால் வில்லியம் டேனியல்ஸ் வரும் எபிசோடுக்குப் போகலாம். 1927-ல் பிறந்தவர். குரல் இன்னும் அந்தக் கார் மாதிரியேதான் இருக்கிறது.