கதவுகிட்ட போனா நின்னுடுது: ஸ்மார்ட் வீல்சேர் எவ்வளவு ஸ்மார்ட்டா இருக்கணும்?

இந்த வாரம் என்னோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். இன்ஜினியரிங் படிச்சவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா இப்பவே சிரிச்சிருப்பீங்க. ஆமா, ஸ்மார்ட் வீல்சேர்தான். எந்த காலேஜா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு பேட்ச்சாவது இதைப் பண்ணியே தீரும்.

நாங்க நாலு பேர். ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்ட ஒரு வீல்சேர், ரெண்டு கார் வைப்பர் மோட்டார், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு ப்ளூடூத் மாட்யூல். ஃபோன்ல "ஃபார்வேர்ட்"னு சொன்னா முன்னாடி போகும். முன்னாடி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அரை மீட்டருக்குள்ள எது வந்தாலும் வண்டி நின்னுடும். டெமோ அன்னைக்கு சூப்பரா ஓடுச்சு. நல்ல மார்க். ஒரு க்ரூப் ஃபோட்டோ.

ரிப்போர்ட்ல "பயனர் கருத்து"ன்னு ஒரு பக்கம் வைக்கணும். அதுக்காக மட்டும்தான், டீம்ல இருந்த ஒரு நண்பனோட மாமா வீட்டுக்கு வண்டியைத் தூக்கிட்டுப் போனோம். மாமாவுக்கு பைக் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு, அப்பவே எட்டு வருஷமா வீல்சேர்தான். வீட்டு வாசல்லயே ஜெராக்ஸ் கடை. அவர் எங்க வண்டியில உட்கார்ந்தார். ஹால்ல ஒரு ரவுண்டு நல்லா போச்சு. பெட்ரூம் கதவுகிட்ட போனதும் நின்னுடுச்சு. நிலைப்படியோட மரச்சட்டத்தை சென்சார் தடைன்னு எடுத்துக்குச்சு. சரின்னு திரும்பி சாப்பாட்டு மேஜைக்குப் போனார். அரை மீட்டர் தள்ளி நின்னுடுச்சு.

மாமா கோபப்படல. "தம்பி, இவ்வளவு தூரத்துல நின்னா நான் எப்படி சாப்பிடுறது?"ன்னு மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கத்துல நாங்க என்ன எழுதினோம்னு கேட்காதீங்க. "பயனர் திருப்தி தெரிவித்தார்"னு எழுதினோம். அந்த வெட்கத்துலதான் இந்த எபிசோடே வருது.

மிச்சிகன்ல அதே கதவு

நாங்க முட்டிக்கிட்ட அதே கதவுல, எங்களுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே ரொம்பப் பெரிய ஆட்கள் முட்டிக்கிட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 1990-கள்ல அமெரிக்காவோட மிச்சிகன் பல்கலைக்கழகத்துல நேவ்சேர்னு ஒரு ப்ராஜெக்ட். சாதாரண மோட்டார் வீல்சேர் ஒண்ணு, அதோட மடித்தட்டுல 12 அல்ட்ராசோனிக் சென்சார். அதே பல்கலைக்கழகத்துல போரன்ஸ்டைன், கோரன்னு ரெண்டு பேர் ரோபோக்களுக்காக உருவாக்கி 1991-ல வெளியிட்ட விஎஃப்எச்ங்கிற அல்காரிதத்தை இதுல போட்டுப் பார்த்தாங்க. தன்னைச் சுத்தி எந்தத் திசையில எவ்வளவு தடை இருக்குன்னு ரோபோ ஒரு வரைபடம் போட்டுக்கும். தடை குறைவா இருக்கிற திசைகள்ல, போக வேண்டிய இடத்துக்கு நெருக்கமான திசையை எடுத்துக்கும். ரோபோவுக்கு அருமையா வேலை செஞ்சது.

வீல்சேர்ல போட்டா கதவுல சிக்கல். காரணம் எளிமையானது. ரோபோ சின்னது, அனேகமா வட்டமா இருக்கும். வீல்சேர் நீளமான பெட்டி. கதவுல நுழையும்போது ரெண்டு பக்கமும் சில செ.மீ. இடைவெளிதான் மிச்சம். அந்த அல்காரிதத்துக்கு அது சுவர். மனுஷனுக்கு அதுதான் வழி.

இதுல சென்சாரோட குறையும் சேர்ந்துக்கும். அல்ட்ராசோனிக் சென்சார் வேலை செய்யறது வௌவால் மாதிரி. ஒலியை அனுப்பும், எதிரொலி திரும்பி வர ஆகுற நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். ஆனா அந்த ஒலி ஊசி மாதிரி நேரா போகாது, கூம்பு மாதிரி விரிஞ்சு போகும். அதனால "தடை இருக்கு"ன்னு தெரியும், சரியா எந்த இடத்துலன்னு தெரியாது. சாய்வா இருக்கிற சுவர்ல பட்டா எதிரொலி வேற பக்கம் தெறிச்சுடும். சோஃபா, திரைச்சீலை மாதிரி மெத்துனு இருக்கிறது ஒலியைக் குடிச்சுடும். எல்லாத்தையும் விட மோசம், கீழே இறங்குற படி. முன்னாடி ஒண்ணுமே இல்லன்னா, நேரா பார்க்கிற சென்சாருக்கு அது காலியான பாதை. உட்கார்ந்திருக்கிறவருக்கு அது விழுந்து கழுத்து உடையிற இடம். கேமராவும் லேசரும் வெச்சா இதுல நிறைய சரியாகும், ஆனா அதுங்க கண்ணாடிக் கதவுல ஏமாறும். எல்லாத்தையும் பார்க்கிற ஒரே சென்சார்னு எதுவுமே கிடையாது.

நேவ்சேர் டீம் பண்ணின மாற்றம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம். இப்படிக் கற்பனை பண்ணிக்கோங்க. உங்களைச் சுத்தி எல்லாத் திசையிலயும் மண்ணைக் கொட்டி வெச்சிருக்கு. தடை அதிகமா இருக்கிற திசையில மேடு. ஓட்டுறவர் ஜாய்ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுறாரோ அந்தப் பக்கம் ஒரு பள்ளம் தோண்டுறோம். மேடும் பள்ளமும் சேர்ந்த பிறகு எது தாழ்வான இடமோ, தண்ணி மாதிரி வண்டி அங்க போகும். தடை எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு மெதுவா போகும். அதாவது, கதவு குறுகலா இருந்தாலும் நீங்க "அங்கதான் போகணும்"னு ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சா, வண்டி "முடியாது"ன்னு முறைக்காம, உங்களை நடுவுல சரிபண்ணி மெதுவா உள்ள கூட்டிட்டுப் போகும். இதோட கதவுக்கு ஒரு மோட், சுவரை ஒட்டிப் போக ஒரு மோட், பொதுவா தடைகளைத் தவிர்க்க ஒரு மோட்.

இதுக்கு ஷேர்டு கன்ட்ரோல்னு பேர். நாம சைக்கிள் கத்துக்கிட்டப்போ அப்பா பின்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்திருப்பார். ஹேண்டில் நம்ம கையில. சாயும்போது மட்டும் அவர் கை இறுகும். எங்க நாலு பேரோட வண்டி அப்படி இல்ல. அது ஹேண்டிலையே பிடுங்கிக்கிச்சு.

யாருக்கு இது வேணும்?

நியாயமான கேள்வி. மாமாவுக்குக் கை நல்லா வேலை செய்யுது. அவருக்கு எங்க சென்சாரும் வேண்டாம், வாய்ஸ் கமாண்டும் வேண்டாம். கையால ஓட்ட முடிஞ்சவர்கிட்ட போய் "ஃபார்வேர்ட்"னு கத்தச் சொல்றதுல என்ன அர்த்தம் இருக்குன்னு இப்ப யோசிக்கிறேன்.

ஆனா வேற ஒரு கூட்டம் இருக்காங்க. 2000-ல அமெரிக்காவுல, வீல்சேர் பயிற்சி கொடுக்கிற சிகிச்சையாளர்கள்கிட்ட ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மோட்டார் வீல்சேர் பயிற்சி எடுத்தும் அன்றாட வாழ்க்கைக்கு அதை ஓட்டவே முடியாம திணறுறவங்க 9, 10 சதவீதம். திருப்புறது, குறுகலான இடத்துல நகர்த்துறதுன்னு தனியா கேட்டப்போ, அதைக் கஷ்டம் இல்லன்னா முடியவே முடியாதுன்னு சொன்னவங்க 40 சதவீதம். பெருமூளை வாதம், கை நடுக்கம், பார்வைக் குறைபாடு சேர்ந்தவங்க, வாயால குழாயை ஊதியும் உறிஞ்சியும் வண்டி ஓட்டுறவங்க. இவங்க கையில மோட்டார் வண்டியைக் கொடுத்தா இடிச்சுடுவாங்கன்னு சொல்லி கொடுக்காமலேயே விட்டுடுவாங்க. அப்புறம் வாழ்க்கை முழுக்க யாராவது பின்னாடி நின்னு தள்ளணும். ஜன்னல் பக்கம் போகணும்னாகூட இன்னொருத்தரைக் கூப்பிடணும். ஸ்மார்ட் வீல்சேரோட உண்மையான பயனர் இவங்கதான்.

இவங்களுக்காக எழுதுற கோட்ல ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை இருக்கு. உதாரணத்துக்கு கை நடுக்கம். பார்கின்சன் நடுக்கம் ஒரு நொடிக்கு நாலுல இருந்து ஆறு தடவை ஆடும். ஒருத்தர் வேணும்னு கையை அசைக்கிறது அதைவிட மெதுவானது. அதனால வேகமான அசைவை எல்லாம் வடிகட்டி எடுத்துடலாம், நாலு வரி கோட். ஆனா வடிகட்டினா தாமதம் வரும். பேரக்குழந்தை திடீர்னு குறுக்க ஓடும்போது பாட்டி சட்டுன்னு ஜாய்ஸ்டிக்கை இழுப்பாங்க. அந்த "சட்டுன்னு" வர்ற அசைவையும் ஃபில்டர் நடுக்கம்னு நினைச்சு மெதுவாக்கிடும்.

அடுத்தது, நின்னுடுறது. சாஃப்ட்வேர்ல நமக்குப் பழகின விதி, சந்தேகம் வந்தா நிறுத்து. எர்ரர் போட்டு வெளியே வா. ரயில்வே கேட் நடுவுல, இல்லன்னா சிக்னல் பச்சை ஆகப்போற ரோட்டு நடுவுல சென்சார்ல தூசி படிஞ்சு வண்டி நின்னா? அங்க நிக்கிறதுதான் ஆபத்து. அதனால எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு நேரடியா மோட்டாரை ஓட்டுற ஒரு பட்டன் கண்டிப்பா வேணும், அது உட்கார்ந்திருக்கிறவர் கைக்கோ தலைக்கோ எட்டணும். எங்க வண்டியில அது இல்ல. யோசிக்கவே இல்ல.

இன்னொண்ணு, ஏன் நின்னோம்னு வண்டி சொல்லணும். பீப் அடிச்சு சொல்லலாம்தான். கல்யாண மண்டபத்துல முகூர்த்த நேரத்துல பீப் பீப்னு கத்திக்கிட்டு நகர்ற வண்டியில உட்கார யாருக்குப் பிடிக்கும்? கைப்பிடி லேசா அதிர்ந்தா போதும்.

இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் ஏன் தெருவுல ஒண்ணும் பார்க்க முடியல? பணம் ஒரு பெரிய காரணம். டீன் கேமன், செக்வே ஸ்கூட்டர் செஞ்சவர், ஐபாட்னு ஒரு வீல்சேர் உருவாக்கினார். பாட்டு கேக்கிற ஐபாட் இல்ல, இது வேற. படி ஏறும், ரெண்டு சக்கரத்துல எழுந்து நின்னு எதிர்ல நிக்கிறவரோட கண்ணுக்கு நேரா பேச வைக்கும். 2003-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. விலை 20,000 டாலருக்கு மேல. வாங்க முடிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம், 2009-ல விற்பனையை நிறுத்திட்டாங்க. பல வருஷம் கழிச்சுத்தான் வேற ஒரு கம்பெனி மூலமா திரும்பி வந்தது. லூசிங்கிற கம்பெனி வேற வழியில போனது. பாடலாசிரியர் பேரி டீனோட மகள் மோட்டார் வீல்சேர் பயன்படுத்துறவங்க. அவரும் பொறியாளரான சகோதரரும் சேர்ந்து, ஏற்கெனவே இருக்கிற வண்டியிலேயே மாட்டிக்கிற சென்சார் தொகுப்பை உருவாக்கினாங்க. கேமரா, ரேடார், அல்ட்ராசோனிக் மூணும் சேர்ந்து பார்க்கும், படியையும் கண்டுபிடிக்கும். முழு வண்டியையும் மாத்தச் சொல்லாததுதான் இதுல நல்ல விஷயம்.

சென்னையில நடந்தது

ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில டிடிகே மறுவாழ்வுக் கருவிகள் ஆராய்ச்சி மையம் இருக்கு. அங்கிருந்து வந்த ஸ்டார்ட்அப்தான் நியோமோஷன். அவங்க 2021-ல கொண்டு வந்த நியோஃப்ளை ஒரு கையால ஓட்டுற வீல்சேர், உட்கார்றவர் உடம்புக்கு ஏத்த மாதிரி 18 விதமா அளவை மாத்திக்கலாம். நியோபோல்ட் அதோட முன்னாடி மாட்டுற ஒத்தைச் சக்கர மோட்டார். மாட்டினா வீல்சேர் மூணு சக்கர ஸ்கூட்டர் ஆயிடும், மணிக்கு 25 கி.மீ. வேகம் வரைக்கும் போகும். ரெண்டும் சேர்த்து அறிமுகமானப்போ விலை ஒரு லட்சத்துக்குள்ள. இதை ஓட்டிக்கிட்டு சாப்பாடு டெலிவரி பண்றவங்களை சென்னையிலயே பார்க்கலாம்.

இதுல ஏஐ இல்ல. தடையைப் பார்க்கிற சென்சார்கூட இல்ல. ஆனா ரெண்டு விஷயம் சரியா யோசிச்சிருக்காங்க. ஒண்ணு, வீட்டுக்குள்ள ஒரு வண்டி, ரோட்டுல ஒரு வண்டின்னு மாறி மாறி உட்கார வேண்டாம். ஒவ்வொரு மாறுதலும் கீழே விழ ஒரு வாய்ப்பு, இல்லன்னா தூக்கிவிட ஒரு ஆள் தேவைப்படுற நேரம். ரெண்டாவது, அளவு. ஆஸ்பத்திரி வீல்சேர் நோயாளியை வார்டுல இருந்து ஸ்கேனுக்குக் கொண்டு போறதுக்கு. அதுல நாள் முழுக்க உட்கார்ந்தா, உணர்ச்சி இல்லாத இடத்துல தோல் அழுத்தப்பட்டு புண் வரும். வலி தெரியாததால புண் ஆழமான பிறகுதான் கவனிப்பாங்க. அழுத்தப் புண் உயிரையே எடுக்கலாம். நாங்க மோட்டார் மாட்டினது அப்படிப்பட்ட ஒரு ஆஸ்பத்திரி வண்டிக்குத்தான்.

ரிப்பேர் பத்தியும் ஒரு வார்த்தை. ஃபோன் ரிப்பேருக்குப் போனா ரெண்டு நாள் இன்ஸ்டா இல்ல, அவ்வளவுதான். வீல்சேர் போனா ரெண்டு நாள் கட்டில்தான். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2022-ல ஒரு சட்டமே போட்டது, மோட்டார் வீல்சேருக்கான உதிரிபாகம், கையேடு, சாஃப்ட்வேர் எல்லாத்தையும் பயன்படுத்துறவருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி கொடுத்தாகணும்னு. வண்டிக்குள்ள கோட் அதிகமாக அதிகமாக, தெருமுனை மெக்கானிக் செய்யக்கூடிய வேலை குறையும். ஸ்மார்ட் ஆக்கணும்னு கிளம்புற நாம இதுக்கும் பொறுப்பு எடுத்துக்கணும்.

இந்த எபிசோடுக்காக மாமாவுக்கு ஃபோன் பண்ணேன். அந்த ரிப்போர்ட் விஷயத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். சிரிச்சார். அவருக்கு ஞாபகமே இல்லையாம். இப்ப இலேசான ஒரு வண்டி வாங்கி கையாலதான் ஓட்டுறார். சரி மாமா, இப்ப நான் ஒண்ணு செஞ்சு தரணும்னா என்ன வேணும்னு கேட்டேன். கொஞ்சம் கூட யோசிக்கல அவர்.

"சக்கரத்தைத் தள்ள ரெண்டு கை வேணும். குடை பிடிக்க ஒரு கை வேணும். மழை வந்தா நான் என்ன பண்றது தம்பி?"

குடையை வண்டியில கட்டிப் பார்த்திருக்கார். காத்துல வண்டியே இழுத்துக்கிட்டுப் போகுதாம். ரெயின்கோட் போட்டா மடியில தண்ணி தேங்கி குஷன் நனையுது, அது புண்ணுக்கு நல்லதில்ல. கோட்டோட ஓரம் சக்கரத்துல வேற மாட்டுது. மூணு வாரமா இதையே யோசிச்சுட்டு இருக்கேன், ரெண்டு மாடல் வரைஞ்சு ரெண்டையும் மாமா நிராகரிச்சாச்சு. வீல்சேர் பயன்படுத்துறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, மழையில நீங்க என்ன பண்றீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அக்டோபருக்குள்ள மூணாவது மாடலை அவர்கிட்ட காட்டணும்.