சக்கரம் பெரிதானால் வேகம் கூடுமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார வணிகர்களுக்குச் சக்கரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லாரி, டேங்கர், போர்வெல் ரிக் என்று நம் மண்ணில் பாதிப்பேர் பிழைப்பு சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. லாரிக்கு ஒரு டயர் வாங்கினால் கிலோ மீட்டருக்கு எத்தனை பைசா என்று கணக்குப் பார்க்கும் நாம், வீட்டுக் காருக்குச் சக்கரம் மாற்றும்போது மட்டும் அழகைப் பார்த்து வாங்கி விடுகிறோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் கோவைக்குப் போய்ப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பழகுகிறார்கள். வேறு சிலர் ஆட்டோகிராஸில் கலந்து கொள்கிறார்கள். திறந்த மைதானத்தில் கூம்புகளை நட்டு வழி அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் போட்டி அது. இரண்டுக்கும் போகுமுன் பிள்ளை முதலில் கேட்பது பெரிய அலாய் வீல். தந்தை தயங்குகிறார். ஏனென்றால் அதே கார்தான் திங்கட்கிழமை காலை லீ பஜாருக்குக் கொள்முதலுக்கும் போக வேண்டும். இந்தத் தயக்கம் நியாயமானதா என்று பார்ப்போம்.

நம் பக்கத்துத் தடங்கள்

கார் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. முன்பு சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே 3.7 கி.மீ. நீளத் தடம் அமைந்தது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் இயங்குகிறது. சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடம், 1995இல் விமான விபத்தில் மறைந்த கோவை எஸ். கரிவரதன் அவர்களின் பெயரைத் தாங்கியது. மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, நடுத்தர வீட்டுப் பிள்ளையும் பந்தயத்துக்கு வரலாம் என்று காட்டியவர் அவர். அந்த இன்ஜின் நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாதது. சிறிய இன்ஜின் உள்ள வண்டியில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் மதிப்பு உண்டு. சக்கரம் வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

டயரின் மேல் உள்ள எண்கள்

நம்மில் பலரிடம் உள்ள மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். அதில் 165/80 ஆர்14 என்று எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

முழுச் சக்கரத்தின் உயரம் காண வழி எளிது. 14 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் 355.6 மி.மீ. அத்துடன் மேலும் கீழும் உள்ள இரு பக்கச் சுவர்களின் 264 மி.மீ. சேர்த்தால் 619.6 மி.மீ. வருகிறது. அதே காரின் உயர் ரகங்களில் வரும் 185/65 ஆர்15 டயருக்கு இப்படியே கணக்கிட்டால் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட மாறவில்லை. 195/55 ஆர்16 என்றால் 620.9, 205/45 ஆர்17 என்றால் 616.3. ரிம் வளர வளர ரப்பர் மெலிந்து போகிறது, அவ்வளவே.

கடைக்காரர் இந்தக் கணக்கைப் பார்க்காமல் 195/65 ஆர்15 மாட்டிவிட்டால் உயரம் 634.5 மி.மீ. ஆகிவிடும். முதல் டயரைவிட 2.4 சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 82இல் போகும். இன்ஜினின் இழுவையும் அதே அளவு குறையும். சக்கரம் பெரிதானால் வேகம் கூடாது. எல்லாக் கியரும் சற்றுக் கனத்துவிடும்.

தராசில் நிறுத்துப் பாருங்கள்

பெரிய ரிம்மால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் குறைவாக மடங்கும். ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை மூன்று.

முதலாவது எடை. ஓடும் வண்டியில் சக்கரம் முன்னே போவதோடு சுழலவும் வேண்டும். ஆகவே விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது வண்டிக்குள் வைத்த ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம். பிரேக் பிடிக்கும்போதும் அப்படியே. தராசு நம் கடையிலேயே இருக்கிறது. பழைய சக்கரத்தையும் புதியதையும் டயரோடு ஏற்றி நிறுத்துப் பாருங்கள். புதியது கனமாக இருந்தால், காசு கொடுத்து வண்டியைச் சோம்பலாக்குகிறோம் என்று பொருள். அலாய் என்றாலே லேசு என்று நம்பிவிட வேண்டாம்.

இரண்டாவது பள்ளம். மெலிந்த ரப்பர் ஊர்ச்சாலைப் பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்மில் இறங்கும். ரிம் நெளியும், டயரின் பக்கத்தில் புடைப்பு வரும். மைதான ஆட்டோகிராஸுக்கும் இது பொருந்தும். மண்ணும் கல்லும் உள்ள தரையில் தடித்த பக்கச் சுவரே காவல்.

மூன்றாவது சுமை. டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து உள்ள இரண்டு இலக்க எண் சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். டிக்கியில் சரக்கு ஏற்றும் வணிகர் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பிள்ளைகள் ஃபார்முலா ஒன் கார்களைக் காட்டி வாதிடுவார்கள். அந்தப் பந்தயத்தில் 2021 வரை 13 அங்குல ரிம்தான் இருந்தது என்பதைச் சொல்லுங்கள். 2022 முதல் 18 அங்குலம் ஆனது. சாலைக் கார்களின் சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அதனால் சக்கரத்தின் எடை கூடியது, குறையவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

பிரேக்கின் மேல் உரசாமல் நுழையக்கூடிய சிறிய ரிம், தயாரிப்பாளர் கொடுத்த மொத்த உயரம், அந்த ரிம்முக்கு ஏற்ற நல்ல டயர். விடுமுறை நாள் ஓட்டத்துக்கு இந்த மூன்றும் போதும். மண் மைதானத்துக்கு உள்ள அளவே சரி. தார்த் தடத்துக்கு வேண்டுமானால் ஓர் அங்குலம் ஏறலாம். ரிம்முக்கு வைத்த பணத்தை டயருக்கு மாற்றினால் நேரம் குறைவது கண்கூடாகத் தெரியும். தரையைப் பிடிப்பது ரப்பர்தான்.

நல்ல வழி ஒன்று உண்டு. கம்பெனி கொடுத்த அளவிலேயே பழைய இரும்பு ரிம் நான்கு வாங்கி, பிடிப்புள்ள டயர் மாட்டித் தடத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம். தடத்தில் ஓடிய டயரின் பட்டன் வெகு சீக்கிரம் தேயும். மொட்டையான டயரோடு மழையில் ஆத்தூர் சாலையில் போகும் ஆபத்து இதனால் நீங்கும். வாங்கும்போது நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டம், நடு ஓட்டையின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஸ்விஃப்டுக்கு நான்கு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பாருங்கள். 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். கிடங்கில் கிடந்த பழைய சரக்கை நாம் நம் வாடிக்கையாளருக்குக் கொடுப்போமா?

லோடு வண்டிக்கும் இதே கணக்கு

பந்தயம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2005இல் வந்த டாடா ஏஸ் 12 அங்குல ரிம்மில்தான் ஓடியது. சிறிய சக்கரத்தால் தளம் தாழ்ந்திருந்தது. மூட்டை ஏற்ற எளிது. அதிக லோடு தாங்கும் என்று எண்ணி உயரமான டயர் மாட்டினால் இழுவை குறையும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் அதைக் கிளட்சில் உணர்வார்கள். டயரை மட்டும் மாற்றுவதால் அச்சும் பட்டையும் கூடுதல் சுமை தாங்கிவிடாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். நம் வழக்கமான வாகனப் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அச்சிட்டே இருக்கும். தடத்தில் கார் சேதமானால் முழுச் செலவும் வீட்டுப் பெட்டியிலிருந்துதான் போகும். பிள்ளையை அனுப்புமுன் பாலிசியை எடுத்து அந்தப் பத்தியைத் தந்தையும் மகனும் சேர்ந்து படிக்க வேண்டும்.

பிள்ளைகளின் ஆசையை நாம் தடுக்கச் சொல்லவில்லை. பொதுச் சாலையில் வேகம் காட்டுவதைவிட, ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்கும் தடத்தில் ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பெரிய சக்கரம் வேண்டும் என்று கேட்டு வந்தால், பணப்பெட்டியைத் திறக்குமுன் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு சக்கரத்தையும் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். நாளை கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இரண்டு வகையிலும் உதவும்.